விற்கும் வீட்டைப் படம் எடுப்பதற்கு முன்னால்

போன வருஷம் கணபதியில் அப்பா கட்டின வீட்டை விற்கலாம்னு முடிவு பண்ணினோம். நாலு சென்ட், தெற்குப் பார்த்த வாசல், மாடி கிடையாது. அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாத்தான் இருந்தார். ஆடி மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானே போனில் பன்னிரண்டு படம் எடுத்து இணையத்தில் விளம்பரம் போட்டேன். ரெண்டு மாசத்தில் மூணே பேர்தான் கூப்பிட்டாங்க.

"அந்த 0.5-ல வெச்சு எடுங்க சார், பத்துக்குப் பத்து ரூமும் மண்டபமாட்டத் தெரியும்" என்றார் தரகர். அப்படியே செய்தேன். அழைப்புகள் கூடின. பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெரியவர் பஸ் பிடிச்சு வந்தார். ஹாலில் நின்னு சுத்திப் பார்த்துட்டு, "போட்டோவுல பெருசா இருந்துச்சுங்களே தம்பி" என்று மட்டும் சொன்னார். அம்மா கொடுத்த காபியைக் குடிச்சுட்டுக் கிளம்பிட்டார்.

முதல் தடவை இருக்கிற வீட்டை மோசமாகக் காட்டினேன், ரெண்டாவது தடவை இல்லாத வீட்டைக் காட்டினேன். ரெண்டுமே ஏன் நடந்ததுன்னு தேடிப் படிச்சதையும், மூணாவது தடவை செஞ்சு பார்த்ததையும் குறித்து வைக்கிறேன். வீடு விற்கப் போறவங்களுக்கு உதவும்.

வெயில் எந்தப் பக்கம்?

கோவை இருப்பது சுமார் 11 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் உச்சி வெயில் நம் தலைக்கு நேர் மேலே. இந்த ரெண்டுக்கும் நடுவில் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதாவது ஆடி மாச மத்தியானத்தில் தெற்குப் பார்த்த வீட்டின் முகப்பு முழுக்க நிழல். போதாததுக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்தும் மேகமும். வானம் வெள்ளையாகவும் வீடு கறுப்பாகவும் விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

டிசம்பரில் இது தலைகீழ். உச்சிச் சூரியன் தெற்கே, ஏறத்தாழ 55 டிகிரி உயரத்தில் நிற்கும், முகப்பில் வெயில் நேரா விழும். கிழக்குப் பார்த்த வீடுன்னா காலையிலும், மேற்குப் பார்த்ததுன்னா சாயங்காலமும் எடுத்தால் போதும். வடக்கு வாசல்காரர்களுக்குத்தான் மே முதல் ஜூலை வரை நல்ல காலம். நான் மார்கழி வரை காத்திருந்தேன்.

கண்ணுக்குத் தெரிவது கேமராவுக்குத் தெரியாது

ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வெளிச்சம் அறைக்குள் இருப்பதைப் போலப் பல மடங்கு. நம்ம கண் ரெண்டையும் மாறி மாறிச் சரி பண்ணிக்கும். கேமரா ஒரே நேரத்தில் ரெண்டையும் பிடிக்கத் திணறும். அதனால் ஜன்னல் வெளுத்துப் போகும், இல்லேன்னா அறை இருட்டாகும். ஒரே இடத்தில் ஸ்டாண்ட் போட்டு குறைவு, சரி, அதிகம்னு மூணு அளவு வெளிச்சத்தில் எடுத்து ஒண்ணாச் சேர்க்கிறது ஒரு வழி. போனில் எச்டிஆர் செய்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். சூரியன் மறைஞ்சு இருபது நிமிஷம் கழிச்சு விளக்குப் போட்டு எடுத்தால் உள்ளேயும் வெளியேயும் வெளிச்சம் கிட்டத்தட்டச் சமமாகிடும். இதுக்குச் செலவே இல்லை.

பல்பு நிறமும் முக்கியம். எங்கள் ஹாலில் ஒரு பல்பு மஞ்சள் (2700 கெல்வின்), இன்னொண்ணு வெள்ளை (6500 கெல்வின்). ஒரே சுவர் பாதி மஞ்சளும் பாதி நீலமுமாக விழுந்தது. எல்லாத்தையும் ஒரே நிறத்துக்கு மாத்தினேன்.

லென்ஸ் எப்படிப் பெரிசாக்குது?

போனின் சாதாரண லென்ஸ் ஏறக்குறைய 24 மி.மீ.க்குச் சமம். அது பார்க்கும் அகலம் சுமார் 74 டிகிரி. 0.5 லென்ஸ் பல போன்களில் 13 மி.மீ.க்குச் சமம், அகலம் சுமார் 108 டிகிரி. அத்தனை அகலத்தில் பக்கத்தில் இருக்கிற தரை பெரிசாகவும் எதிர்ச்சுவர் சிறிசாகவும் விழும். சிறிசா இருக்கிறதை மூளை 'தூரத்தில் இருக்கு'ன்னு எடுத்துக்கும். பத்தடி அறை பதினாறு அடியாகிறது இப்படித்தான்.

நான் சாதாரண லென்ஸுக்கே திரும்பிட்டேன். வாசலோரம், மூலையில் நின்னு, நாலடி உயரத்தில், போனைச் சாய்க்காமல் எடுத்தேன். மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் ஒன்றை நோக்கி ஒன்று விழுவது போலத் தெரியும். முக்கியமா, ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அறையின் அளவை அடியில் எழுதினேன். டேப் வெச்சு அளந்தது.

வீட்டைத் தயார் பண்றது

தரையும் மேடையும் காலியாக இருந்தால் அறையின் உண்மையான அளவு தெரியும். மிக்ஸி, பிளாஸ்டிக் குடம், காயப்போட்ட துணி, கதவுக்குப் பின்னாடி தொங்குற பைகள் எல்லாம் ஒரு அறைக்குள் போகட்டும். அதைக் கடைசியில் எடுக்கலாம். குழாய்களில் போர் தண்ணி உப்புக் கறை இருந்தால் எலுமிச்சை போதும். ஆனால் மொசைக், சிவப்பு ஆக்சைடு தரையில் புளிப்பு எதுவும் படக் கூடாது, அமிலம் அரித்துப் பளபளப்பு போயிடும். மின்விசிறியை நிறுத்திடுங்க. சம்ப்பையும் மீட்டர் பெட்டியையும் ஒரு படம் எடுங்க. நம்ம ஊரில் 'சிறுவாணித் தண்ணி வருதா?' என்பதுதான் பலருக்கு முதல் கேள்வி.

பின்சுவரில் ஓதம் ஏறியிருந்தது. அலமாரியை நகர்த்தி மறைக்கச் சொன்னார் தரகர். மறைக்கலை, அதையும் ஒரு படமாகப் போட்டேன்.

ட்ரோன் படம் எடுக்கலாம்னு யாராவது சொன்னால், முதலில் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்க. பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம். நகரின் பெரும்பகுதியில் நினைச்சபடி பறக்கவிட முடியாது.

காட்டக் கூடாதது

இதை நான் கடைசியாகத்தான் யோசிச்சேன், முதலில் யோசிச்சிருக்கணும். என் முதல் பன்னிரண்டு படத்தில் பீரோ இருக்கும் இடம், சான்றிதழ்கள், மாத்திரை டப்பா, மாலை போட்ட அப்பா படம், ஒத்தை நாற்காலி எல்லாம் இருந்தது. வயசான அம்மா தனியா இருக்கிறாங்கன்னு ஊருக்கே நான் விளம்பரம் கொடுத்திருந்தேன். போனில் இருப்பிடப் பதிவு திறந்திருந்தால் கோப்புக்குள்ளேயே இடக்குறியும் போயிடும். பல தளங்கள் அதை நீக்கிடும், ஆனால் நாமே அணைத்துவிட்டு எடுப்பது நல்லது.

அப்பா படத்தைக் கழட்டணும்னு சொன்னபோது அம்மா முகம் மாறிப்போச்சு. "ஏங்கண்ணு, அவரு கட்டுன வூட்டுல அவரே இருக்கக் கூடாதா?" காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துட்டு, அவரே கழட்டி மடியில் வெச்சுக்கிட்டுத் திண்ணையில் உக்காந்தார். ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி மாட்டினோம்.

சட்டம் என்ன சொல்லுது?

2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ம் பிரிவின்படி, விளம்பரத்தில் உள்ள பொய்யான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு, கட்டுமான நிறுவனம் இழப்பீடு தரணும். விலக நினைத்தால் போட்ட பணத்தை வட்டியோடு திருப்பணும். நம்ம சொந்தப் பழைய வீட்டை விற்பதற்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனா பஸ் பிடிச்சு வர்றவரின் அரை நாளுக்கும் ஒரு மதிப்பு உண்டு.

மூணாவது தடவை, 0.5 படங்களுக்கு வந்ததைவிடக் குறைவான பேர்தான் கூப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்தவங்க நாலு பேர். யாரும் அளவைப் பற்றிக் கேட்கலை. ஓதத்தைப் பற்றி எல்லோரும் கேட்டாங்க, அதுக்கு விலையும் குறைச்சாங்க. தை பொறந்ததும் அவர்களில் ஒருத்தரே வாங்கினார்.