மின்விசையில் பறக்கும் சிறு விமானங்கள்: வாய்ப்பும் வரம்பும்

சிறு நகரங்களையும் எல்லைப்புற மலைப்பகுதிகளையும் விமானப் போக்குவரத்தால் இணைக்கும் நோக்குடன் மைய அரசு 2016ஆம் ஆண்டில் 'உடான்' திட்டத்தை வகுத்தது. இருக்கைகளில் ஒரு பகுதிக்குக் கட்டண வரம்பு விதிக்கப்பட்டது. அதனால் நிறுவனங்களுக்கு நேரும் இழப்பை ஈடுசெய்ய மூன்று ஆண்டுகளுக்கு உதவித் தொகையும் வழங்கப்பட்டது. ஆயினும், திட்டத்தின் மூன்றாம் கட்டம் வரை ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களுள் 371 மட்டுமே தொடங்கப்பட்டன என்றும், உதவிக் காலம் முடிந்த பின்னரும் 2023 மார்ச்சில் நீடித்தவை 54 மட்டுமே என்றும் கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது.

இதற்குக் காரணங்கள் பல. விமான நிறுவனங்களின் செலவினங்களுள் எரிபொருளே தனிப்பெரும் இனமாக விளங்குவது அவற்றுள் ஒன்று. எனவே, எரிபொருளுக்கு மாற்றாக மின்விசையைப் பயன்படுத்தினால் குறுந்தொலைவு வழித்தடங்கள் தம் சொந்தக் காலில் நிற்க இயலுமா என்ற வினா எழுகிறது.

மின்மோட்டாரின் சிறப்பு

இம்முயற்சி புதியதன்று. 1973 அக்டோபரில் ஆஸ்திரியாவில், நிக்கல்-காட்மியம் மின்கலங்களின் விசையால் ஒரு விமானம் ஆளை ஏற்றிக்கொண்டு சில நிமிடங்கள் பறந்தது. அதன்பின் மின்கலம் இலேசானது. மோட்டாரும் திறன் மிக்கதாயிற்று. மின்மோட்டார் தான் பெறும் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சுழல்விசையாக மாற்றுகிறது. சிறு விமானங்களின் டர்பைன் எஞ்சினோ மூன்றில் ஒரு பங்கைக்கூட எளிதில் எட்டுவதில்லை. மோட்டாரில் அசையும் உறுப்புகள் குறைவாதலின் பராமரிப்பும் எளிது, ஓசையும் குறைவு.

எடை என்னும் தடை

இடர்ப்பாடு மோட்டாரில் இல்லை, மின்கலத்தில் உள்ளது. ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல் அடங்கியுள்ளது. பாதுகாப்பு உறையுடன் கூடிய ஒரு கிலோ லித்தியம் மின்கல அடுக்கு தருவது ஏறத்தாழ 0.2 யூனிட். மோட்டாரின் உயர்திறனைக் கணக்கில் கொண்டாலும், எடைக்கு எடை எரிபொருளே இருபது மடங்கு அளவில் முன்னிற்கிறது. மேலும், பறக்கப் பறக்க எரிபொருள் தீர்ந்து விமானத்தின் எடை குறையும். மின்கலமோ தீர்ந்த பின்னரும் அதே எடையுடன் தரையிறங்க வேண்டும்.

ஆறு டன் எடையுள்ள ஒரு சிறு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 1.8 டன் மின்கலம் பொருத்தினால் கிட்டும் ஆற்றல் 360 யூனிட். இத்தகைய விமானங்களின் வழக்கமான பறப்புத் திறனைக் கொண்டு கணக்கிட்டால், அது ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கே போதும். எதிர்பாராத நிலைமைகளுக்கென அரைமணி நேரப் பறப்புக்கான ஆற்றலைச் சேமிப்பில் ஒதுக்கினால், எஞ்சுவது 100 கிலோமீட்டருக்கும் குறைவே.

உலக நாடுகளின் அனுபவம்

2019 டிசம்பர் 10 அன்று கனடாவின் வான்கூவர் அருகே, பழைய பீவர் கடல்விமானம் ஒன்று 750 குதிரைத்திறன் கொண்ட மின்மோட்டாருடன் பறந்தது. 2020 ஜூனில் இரு இருக்கைப் பயிற்சி விமானமான பிப்பிஸ்ட்ரெல் வேலிஸ் எலக்ட்ரோ ஐரோப்பியப் பாதுகாப்பு முகமையின் சான்றிதழைப் பெற்றது. ஒன்பது பயணிகளுக்கென வடிவமைக்கப்பட்ட 'ஆலிஸ்' 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் எட்டு நிமிடங்கள் பறந்தது. எனினும் 2025இல் நிதியின்மையால் அப்பணி நிறுத்தி வைக்கப்பட்டது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் எக்ஸ்-57 திட்டம் 2023இல் விமானம் பறக்காமலேயே முடிவுற்றது.

இவ்வனுபவங்களின் விளைவாகக் கலப்பு முறைகள் கவனம் பெற்றுள்ளன. சுவீடனில் தோன்றிய ஹார்ட் நிறுவனம் 2022இல் அறிவித்த 30 இருக்கை விமானத் திட்டத்தில், 200 கிலோமீட்டர் வரை மின்கலமும் அதற்கப்பால் எரிபொருளும் துணை நிற்கும் என வகுக்கப்பட்டது. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் பெறுவது மற்றொரு வழி. 2023 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒரு டோர்னியர்-228 விமானம், ஒரு புறம் ஹைட்ரஜன் மின்விசையும் மறுபுறம் வழக்கமான எஞ்சினும் கொண்டு பறந்தது.

இந்தியாவிற்கு உகந்த வழி

டோர்னியர்-228 இந்தியாவிற்குப் பழக்கமான விமானமாகும். இதனை ஹிந்துஸ்தான் ஏரோனாட்டிக்ஸ் நிறுவனம் கான்பூரில் தயாரிக்கிறது. இங்கு உருவான 17 இருக்கை விமானம் ஒன்று, 2022 ஏப்ரல் 12 அன்று அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டிற்குப் பயணிகள் சேவையைத் தொடங்கியது. நேர்கோட்டில் இவ்வூர்களுக்கிடையே உள்ள தொலைவு 100 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆதலின் மின்விமானத்திற்கு ஏற்ற தடமாக இது முதற்பார்வையில் தோன்றும்.

ஆனால் இவ்விமானம் சுமக்கத்தக்க மொத்தப் பாரம் ஏறத்தாழ இரண்டரை டன். அதில் 1.8 டன்னை மின்கலம் எடுத்துக்கொண்டால் ஏழெட்டுப் பயணிகளுக்கே இடம் எஞ்சும். பருவமழைக் காலத்தில் பாசிகாட்டை மேகம் மூடிவிட்டால், இறங்காமலே திப்ருகர் திரும்புவதற்குச் சேமிப்பில் ஒதுக்கிய ஆற்றலையே செலவிட நேரும். ஆகவே, மின்கலத்தின் திறன் இரு மடங்காகும் வரை, மலைப்பகுதிகளுக்குக் கலப்பு முறையே பாதுகாப்பானது எனலாம்.

தரையிலும் ஆயத்தங்கள் தேவை. 360 யூனிட்டை அரைமணி நேரத்தில் ஏற்றுவதற்கு 700 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மின்வசதி வேண்டும். சிறு விமானத் தளங்களுக்கு இது பெருஞ்சுமை. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து கிடைப்பதால், புகையற்ற பறப்பு என்னும் பயன் மின்சாரத்தின் மூலத்தைப் பொறுத்ததாகும். 2015 முதல் சூரிய சக்தியால் தன் மின்தேவையை நிறைவு செய்துவரும் கொச்சி விமான நிலையம் இதற்கு வழிகாட்டியாகும். காலப்போக்கில் மின்கலம் தேய்வதால் அதனை மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

பெங்களூரிலுள்ள தேசிய விமானவியல் ஆராய்ச்சிக்கூடம் 'இ-ஹன்சா' என்னும் இரு இருக்கை மின்பயிற்சி விமானத்தை உருவாக்கும் திட்டம் 2025இல் அறிவிக்கப்பட்டது. தான் புறப்பட்ட தளத்தைச் சுற்றியே பறந்து, அங்கேயே மின்னேற்றம் பெறும் பயிற்சி விமானத்திற்கு மின்கலத்தின் வரம்பு பெருந்தடையாகாது. அங்குப் பெறும் அனுபவம் விமானிகளையும் பொறியாளர்களையும் சான்றளிக்கும் அதிகாரிகளையும் ஒருங்கே பழக்கும். பாசிகாட் போன்ற ஊர்களுக்கு விமானப் போக்குவரத்து ஆடம்பரமன்று. மருத்துவத்திற்கும் கல்விக்குமான வழி. அங்குச் சேவை தொடங்குவதினும் அது நின்றுவிடாமல் நீடிப்பதே முதன்மையானது. மின்விசையின் பயனும் அந்த அளவுகோலாலேயே மதிப்பிடப்பட வேண்டும்.