திரும்பி நிற்கும் நந்தியும் ஒரு மாணவர் பாட்டு வீடியோவும்

போன வருஷம் எங்க தெருப் பையன் ஒருத்தன் பென்டிரைவோட வீட்டுக்கு வந்தான். விஸ்காம் கடைசி வருஷம். மூணு பேர் சேர்ந்து ஒரு கானா பாட்டு எழுதி, பாடி, வீடியோவும் எடுத்து முடிச்சிருந்தாங்க. எல்லாமே திருமுல்லைவாயிலைச் சுத்தித்தான்.

"அண்ணா, வீடியோகூட ரெண்டு பக்கம் எழுதித் தரணுமாம். இந்த வகையோட வழக்கங்களை உங்க வீடியோ எங்க பின்பற்றுது, எங்க மீறுதுன்னு. என்ன எழுதுறதுன்னே தெரியல."

பாட்டு, ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வர்ற ஒரு அம்மாவைப் பத்தினது. பையனோட அம்மா அம்பத்தூர் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறவர். பாடியிருப்பது பையன்தான். ஆனால் பல்லவி வரும்போதெல்லாம் திரையில் வாயசைப்பது அம்மா. ஆம்பளைக் குரல், அம்மாவோட முகம். முதல் தடவை பார்த்தப்போ எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது பல்லவியில் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றைக்கு அவனிடம் சொன்னதையும், சொல்லத் தெரியாமல் விட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நந்தி எதற்குத் திரும்பி நிற்கிறது?

எங்க ஊர் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பெரும்பாலான சிவன் கோயில்களில் நந்தி சாமியைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். இங்கே சாமிக்கு முதுகு காட்டி, கிழக்கே பார்த்து இருக்கும். தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பத் திரும்பிய நந்தி என்பது தலபுராணம்.

இந்த நந்தி கண்ணில் படுவதற்குக் காரணம், பெரும்பாலான கோயில்களின் நந்திகள் ஒழுங்காக உள்ளே பார்த்து இருப்பதுதான். நூறு கோயில் நூறு திசையில் நந்தியை வைத்திருந்தால் இதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இன்னொன்றும் கவனியுங்க. இங்கே திரும்பியிருப்பது நந்திதான். கருவறை, பிராகாரம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கு. வழக்கத்தை மீறுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஒன்று திரும்பும், மற்றதெல்லாம் நிற்கும்.

பாட்டு வீடியோவின் வழக்கங்கள்

அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியது 1981 ஆகஸ்ட் 1. பதினோரு வருஷம் கழித்து, 1992-ல், ஆண்ட்ரூ குட்வின் இந்த வீடியோக்களை ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார். ஊடக மாணவர்கள் பலர் இன்றைக்கும் அதிலிருந்து தொடங்குகிறார்கள். பாட்டு வரிக்கும் படத்துக்கும் மூன்று வகை உறவு என்றார் அவர். வரி சொல்வதையே படமும் காட்டலாம். வரி சொல்வதை விரித்து, கூடுதலாக ஒன்றைச் சேர்க்கலாம். வரிக்குச் சம்பந்தமே இல்லாமல் விலகியும் போகலாம். இது தவிர, பாடுபவரின் முகம் க்ளோஸ்-அப்பில் அடிக்கடி வரணும் என்பது இன்னொரு வழக்கம். அது அழகுக்காக மட்டும் வந்ததில்லை. கேசட் கம்பெனிக்கு விற்க வேண்டியது அந்த முகம்.

நம்ம ஊர்க் கதை வேற. 1931-ல் வந்த 'காளிதாஸ்' தொடங்கி தமிழில் பாட்டு சினிமாவுக்குள்தான் குடியிருந்தது. நடிப்பவரே பாடிய காலம் போய்ப் பின்னணிப் பாடகர்கள் வந்தபிறகு, குரல் ஒருத்தருடையது, வாய் இன்னொருத்தருடையது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' பார்த்து வளர்ந்த யாருக்கும் இது விநோதமாகத் தெரியலை. மேற்கத்தியப் பாட்டு வீடியோவில் பாடுபவரே வாயசைப்பதுதான் பொது வழக்கம். இங்கே வேறொருத்தர் வாயசைப்பதுதான் இயல்பு.

இப்போ பையனோட வீடியோவுக்கு வருவோம். மகனின் குரலுக்கு அம்மா வாயசைப்பது மேற்கத்திய வழக்கத்தை மீறுகிறது. ஆனால் தமிழ் சினிமாவின் பழைய வழக்கத்தை அப்படியே பின்பற்றுகிறது. அந்தப் பழைய வழக்கத்திலும் மாறியது ஒன்றே ஒன்று. ஆண் குரலுக்கு ஆண் முகம், அதுவும் ஹீரோ முகம் என்ற விதி. எழுபது, எண்பது வருஷமாகப் பழகின பின்னணிப் பாட்டு இல்லையென்றால், அந்த அம்மா வாயசைப்பதை நாம வெறும் வேடிக்கையாகத்தான் பார்த்திருப்போம். ஒரு மரபை மீற இன்னொரு மரபுதான் கைகொடுக்குது.

"இதையே எழுதுடா, பாதிப் பக்கம் வந்திடும்"னேன்.

ஒன்றைத் திருப்பியவர்கள்

இது மாணவர் வீடியோவுக்கு மட்டும் உள்ள விஷயமில்லை. கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் தமிழில் பேசப்பட்ட பாட்டு வீடியோக்கள் சிலவற்றை எடுத்துப் பாருங்க.

2011 நவம்பரில் வந்த 'கொலவெறி'. சினிமாப் பாட்டுதான். ஆனால் வீடியோவில் ஹீரோ, ஹீரோயின் நடனமோ வெளிநாட்டு லொகேஷனோ கிடையாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் தனுஷும் அனிருத்தும் கூட இருந்தவர்களும் பாட்டை உருவாக்குவது மட்டும்தான். எடுக்கும் இடத்தை மட்டும் மாற்றினார்கள். அதற்கப்புறம் எத்தனை படங்களுக்கு ஸ்டுடியோ வீடியோ வந்தது என்று எண்ண முடியாது. அன்றைய மீறல் இன்றைய வழக்கம்.

2015 ஜூலையில் வந்தது 'கொடைக்கானல் வோன்ட்'. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச மாசு பற்றி சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப். நிக்கி மினாஜின் 'அனகோண்டா' பாட்டின் மெட்டையே எடுத்துக்கொண்டார்கள். கொண்டாட்டப் பாட்டின் மெட்டு, உள்ளே தொழிலாளர் உடம்பில் ஏறிய விஷம். மெட்டு எல்லோருக்கும் தெரிந்தது என்பதால்தான் அது அவ்வளவு தூரம் பரவியது. 2016 மார்ச்சில் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பதினைந்து வருஷப் போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. பாட்டு அதைக் கடைசிக் கட்டத்தில் உலகத்தின் காதில் போட்டது.

அதே வீடியோவின் இயக்குநர் ரதீந்திரன் பிரசாத், 2017 ஜனவரியில் 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' எடுத்தார். கபேர் வாசுகி எழுதியது, டி.எம். கிருஷ்ணா பாடியது. கர்நாடகக் கச்சேரியின் அமைப்பு அப்படியே இருக்கு. ராகமாலிகை, பக்கவாத்தியம் எல்லாம் இருக்கு. ஆனால் மொழி சென்னைப் பேச்சுத் தமிழ், இடம் எண்ணூர். சபா மேடைக்குப் பதிலாக அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்.

2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் முதல் மேடை ஏறியபோது கானாப் பாடகர்கள் கோட்-சூட்டில் வந்தார்கள். பாட்டு கானாதான். மாற்றியது உடுப்பை மட்டும். சினிமாவில் கானா பாடுபவன் என்றாலே லுங்கி, கழுத்தில் கர்ச்சீப் என்று பழகின கண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஸ்லோமோஷனில் வாயசைப்பது எப்படி?

பையனோட வீடியோவில் வழக்கத்தைப் பின்பற்றின இடங்களும் நிறைய. நாலு பேர் கேமராவை நோக்கி நடந்து வருவது, கூலிங் கிளாஸ், பைக், பின்னால் சி.டி.எச். ரோடு. இதையெல்லாம் எழுத அவனுக்கு வெட்கம். "காப்பி அடிச்ச மாதிரி இருக்குமேண்ணா" என்றான். இருக்கட்டும். அந்த நாலு நடையும் இல்லையென்றால் பார்ப்பவருக்கு இது கானா வீடியோ என்றே உறைக்காது. அப்புறம் அம்மா வாயசைத்து என்ன பிரயோஜனம்?

ஒரு தொழில் நுணுக்கம் மட்டும் சொல்றேன். ஸ்லோமோஷனில் ஒருத்தர் நடந்துவர, உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்துவதைப் பார்த்திருப்பீங்க. நொடிக்கு 50 ஃப்ரேம் எடுத்து 25-ல் ஓடவிட்டால் எல்லாமே பாதி வேகமாகும், உதடும்தான். அதனால் படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, அந்த வேகத்திலேயே வாயசைக்க வைப்பார்கள். பிறகு பாதியாக்கும்போது உதடு சரியாக வந்து சேரும், உடம்பு மட்டும் மிதக்கும்.

அந்த அம்மாவுக்கு இதைச் செய்யச் சொன்னப்போ, எலிக் குரலில் ஓடுகிற மகனோட பாட்டைக் கேட்டு அவங்களால சிரிப்பை அடக்க முடியலை. ஏழெட்டு டேக் வீணாப்போச்சு.

எடுக்கச் சொன்ன ஷாட்

கம்பெனிக்குள் படமெடுக்க அனுமதி கிடைக்கவில்லை. அதனால் வீட்டுத் தையல் மெஷினிலேயே எடுத்திருந்தார்கள். அதில் ஒரு ஷாட்: அம்மா நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, ஸ்லோமோஷனில் ஜன்னலைப் பார்க்கிறார். பின்னால் வெளிச்சம். வீடியோவிலேயே சிறந்த ஷாட் இதுதான், கடைசி ஃப்ரேமாக வை என்று நான்தான் சொன்னேன்.

அம்மா முழு வீடியோவையும் பார்த்தது அதற்கப்புறம்தான், எங்க வீட்டுக் கம்ப்யூட்டரில். வாயசைத்த இடமெல்லாம் வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்த ஷாட் வந்ததும் முகம் மாறியது.

"இத எடுத்துடுடா. நான் என்ன சாவு வீட்லயா ஒக்காந்துகினு இருக்கேன்? வேலைதான பாக்குறேன்?"

பையன் என்னைப் பார்த்தான். அக்கா, மார்க்கு அதுக்குத்தான் கிடைக்கும் என்று நான் இழுத்தேன். "மார்க்கு அவனுக்கு. மூஞ்சி என்னுது தம்பி"ன்னாங்க.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மீறல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஷாட்தான் அந்த வீடியோவிலேயே தேய்ந்து போன வழக்கம். உழைக்கிறவர்களைக் காட்டணும் என்றால் களைப்பைக் காட்டு, வியர்வையைக் காட்டு, ஜன்னலைப் பார்க்க வை. எத்தனை ஆவணப்படத்தில், எத்தனை விளம்பரத்தில் பார்த்திருக்கோம். பைக்கும் கூலிங் கிளாஸும் வழக்கம் என்று கண்ணுக்குத் தெரிகிறது. இரக்கம் அப்படித் தெரியறதில்லை.

முகம் யாருடையது என்ற கேள்வி பெரிய இடங்களிலும் வந்திருக்கு. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதை அந்தப் பாட்டில் இருக்கு. அதே வருஷம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகவே கேட்டார். பாட்டில் எத்தனை வழக்கங்களை மாற்றினாலும், அட்டையில் யார் முகம் என்பதை முடிவு செய்கிற வழக்கம் மாறுவது அவ்வளவு சுலபமில்லை.

பையன் அந்த ஷாட்டை எடுத்துவிட்டான். அந்த இடத்தில், வீணாய்ப்போன டேக்குகளில் ஒன்றை வைத்தான். இரண்டு மடங்கு வேகப் பாட்டுக்கு வாயசைக்கப் போய், முடியாமல் அம்மா சிரிக்கிறது. ஸ்லோமோஷனில் அந்தச் சிரிப்பு மெதுவாக விரிந்து, கேமராவை நேராகப் பார்த்து முடிகிறது.

ரெண்டு பக்கக் கட்டுரையின் கடைசிப் பத்தியை அவனே எழுதிக் காட்டினான். வழக்கத்தை மீறிய இடம் எது என்ற கேள்விக்கு, வாயசைப்பைப் பற்றி ஒரு வரியும், "படத்தில் இருப்பவர் சொன்னதால் ஒரு ஷாட்டை நீக்கினோம்" என்று ஒரு வரியும் இருந்தது. ரெண்டாவது வரியை முதலில் போடச் சொன்னேன்.