வடை விழ 24 சட்டகம்: கணினிக் குறும்படத்துக்குப் பழைய அசைவூட்ட விதிகள்

தமிழ்மொழிப் பாடத்துக்காகவும் போட்டிகளுக்காகவும் மாணவர்கள் கணினியில் செய்யும் அசைவூட்டக் குறும்படங்களை இப்போது நிறையப் பார்க்கிறோம். கதை நல்லா இருக்கும், உச்சரிப்பும் தெளிவா இருக்கும். ஆனால், பாத்திரங்கள் தண்ணீருக்குள் மிதக்கிற மாதிரி நகரும். இது ஏன், எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்போம்.

நம் நாட்டின் முதல் அசைவூட்டக் குறும்படம் 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்'. ஃபிலெம் நெகாராவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர் உருவாக்கியது. 1978இல் முடிந்து 1983இல் தொலைக்காட்சியில் ஒளியேறியது. கையால் வரையும் முறையில் முக்கிய நிலைகளை முதலில் வரைவார்கள். நடுவில் வரும் படங்களையும் மனிதரே வரைவதால், எங்கே வேகம், எங்கே தாமதம் என்பதை அவரே முடிவு செய்கிறார். கணினியிலோ நாம் தொடக்க நிலை, முடிவு நிலை இரண்டை மட்டும் கொடுக்கிறோம். நடுவில் உள்ளதை மென்பொருள் நிரப்புகிறது. அதற்கு எடையும் தெரியாது, குணமும் தெரியாது. மிதப்பு அங்கேதான் தொடங்குகிறது.

டிஸ்னியின் மூத்த கலைஞர்கள் ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981இல் வெளியிட்ட நூலில் 12 அசைவூட்ட விதிகளைத் தொகுத்தார்கள். கணினிப் படத்துக்கும் அவை பொருந்தும் என்று ஜான் லாசெட்டர் 1987இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அதற்கு முந்தைய ஆண்டே 'லக்ஸோ ஜூனியர்' என்ற படத்தில் செய்தும் காட்டியிருந்தார். அதில் வருவது இரண்டு மேசை விளக்குகள்தான். முகம் கிடையாது, வசனம் கிடையாது. ஆனாலும், எது தகப்பன், எது பிள்ளை என்று பார்த்ததும் தெரியும்.

பன்னிரண்டையும் ஒரே மூச்சில் கற்பிக்க வேண்டாம். காக்காவும் நரியும் கதையை எடுத்துக்கொண்டு, நான்கோடு தொடங்குங்க.

1. நேரமும் இடைவெளியும்
கிளை ஏறக்குறைய 5 மீட்டர் உயரம் என்றால், வடை தரையைத் தொட 1 வினாடி ஆகும். அதாவது 24 சட்டகம். முதல் 12 சட்டகத்தில் வடை கால் பங்கு தூரம்தான் இறங்கும். மீதி முக்கால் பங்கை அடுத்த 12 சட்டகத்தில் கடந்துவிடும். பிளெண்டர் போன்ற மென்பொருளை அதன் போக்கில் விட்டால், தரையைத் தொடும் முன் வேகத்தைக் குறைத்து வடையைப் பஞ்சு மாதிரி இறக்கும். கிராஃப் எடிட்டரைத் திறந்து, தரையைத் தொடும் இடத்தில் கோடு செங்குத்தாக இறங்கும்படி மாற்றச் சொல்லுங்க. இந்த ஒரு திருத்தத்திலேயே வடைக்கு எடை வந்துவிடும்.

2. அமுங்குதலும் நீளுதலும்
மெதுவடை தரையில் பட்டதும் சற்று அமுங்கும். பருப்பு வடை அமுங்காது, உருண்டு போகும். பொருளின் தன்மையை இது சொல்லிவிடும். ஆனால் கன அளவு மாறக்கூடாது: உயரம் பாதியானால் அகலமும் ஆழமும் ஏறக்குறைய 1.4 மடங்கு கூட வேண்டும். இல்லாவிட்டால் வடை சுருங்கிப்போன மாதிரி தெரியும். உலோக விளக்கு அமுங்காதே என்று மாணவர் கேட்டால், 'லக்ஸோ ஜூனியர்' போட்டுக் காட்டுங்க. அங்கே மூட்டு மடங்குவதே அமுங்குதல்.

3. முன்னசைவு
புலி பதுங்குவது பாய்வதற்கே என்கிறோமே, அதேதான். காக்கா பாடுவதற்கு முன் கழுத்தை இழுத்து, நெஞ்சை நிமிர்த்த வேண்டும். அந்த அரை வினாடியில் பார்ப்பவர் கண் அலகுக்குப் போய்விடும். பிறகு வடை விழுந்தால் யாரும் தவறவிட மாட்டார்கள்.

4. தொடரசைவு
நரி ஓடி வந்து நிற்கும்போது உடல் முதலில் நிற்கும், வால் இரண்டு மூன்று சட்டகம் தள்ளி நிற்கும். நின்ற பிறகும் முழுசா உறையவிடாதீங்க. வரைந்த படம் அசையாமல் நின்றால் கண் ஏற்றுக்கொள்ளும். முப்பரிமாண உருவம் நின்றால் உடனே பொம்மை ஆகிவிடும். மெல்லிய மூச்சு, ஒரு கண் சிமிட்டல் போதும்.

வகுப்பில் முதல் பாடவேளைக்குக் கணினியே வேண்டாம். மாணவர்கள் நரியாக நடிக்கட்டும். மற்றவர்கள் கண்ட அசைவுக்கு வினைச்சொல் எழுதட்டும்: பதுங்கியது, எட்டிப் பார்த்தது, துள்ளியது, தயங்கியது. 'வந்தது' என்று மட்டும் எழுதிய மாணவரிடம் எப்படி வந்தது என்று கேளுங்க. சொல் துல்லியமானால் அசைவும் துல்லியமாகும். இரண்டாவது பாடவேளையில் வடை மட்டும் விழட்டும். மூன்றாவதில் காக்கா வரட்டும். ஒரு நிமிடப் படத்துக்கு 1,440 சட்டகம் வேண்டும். 10 வினாடிப் படத்துக்கு 240 போதும். சிறிய படமே முதலில் நல்லது.

எங்கள் கெலாங் பாத்தாவுக்குப் பக்கத்திலேயே, இஸ்கண்டார் புத்ரியில் பெரிய திரைப்படத் தளம் இருக்கிறது. இதைத் தொழிலாக நினைத்துப் பார்க்கும் பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். மதிப்பிடும்போது பின்னணி இசைக்கும் வண்ணத்துக்கும் கொடுக்கும் புள்ளிகளில் கொஞ்சத்தை அசைவுக்கும் ஒதுக்குங்க. ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை படத்தைப் பாருங்க. கதை அப்போதும் புரிந்தால், அந்தப் பிள்ளை அசைவூட்டத்தைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.