கோழியிடமே கேட்டுப் பார்த்தார்கள்

பண்ணை விலங்கு நலமாக இருக்கிறதா என்று அறிய, கொட்டகை எத்தனை அடி, தீவனம் எத்தனை கிலோ என்று கணக்கெடுத்தால் போதும் என நெடுங்காலம் கருதப்பட்டது. 1964இல் ரூத் ஹாரிசன் எழுதிய ‘அனிமல் மெஷின்ஸ்’ நூல் பிரிட்டனில் பெரும் சலசலப்பை உண்டாக்கியது. அரசு அமைத்த பிரம்பெல் குழு, எந்த விலங்குக்கும் எழவும் படுக்கவும் திரும்பவும் கைகால் நீட்டவும் உடலைக் கோதிக்கொள்ளவும் இடம் வேண்டும் என்று 1965இல் பரிந்துரைத்தது. அதிலிருந்து வளர்ந்தவைதான் ‘ஐந்து சுதந்திரங்கள்’. பசி தாகம், அசௌகரியம், வலியும் நோயும், அச்சமும் மன உளைச்சலும் ஆகிய நான்கிலிருந்து விடுதலை. ஐந்தாவது, இயல்புப்படி நடந்துகொள்ளும் சுதந்திரம். 2014இல் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் இவை இடம்பெற்றன.

நல்லெண்ணம் மட்டும் இருந்தால் அளவீடு சரியாகிவிடாது. மெல்லிய கம்பிவலை கோழியின் காலை உறுத்தும் என்று நினைத்த பிரம்பெல் குழு, கூண்டின் தரைக்குத் தடித்த கம்பியைப் பரிந்துரைத்தது. 1973இல் ஹியூஸ், பிளாக் என்ற இரு ஆய்வாளர்கள் இருவகைத் தரைகளையும் வைத்து, முடிவைக் கோழிகளிடமே விட்டார்கள். அவை நாடியது மெல்லிய வலையை. அதில் பாதத்தைத் தாங்கும் இடங்கள் அதிகம். மனிதக் கண்ணுக்கு உறுத்தியது கோழியின் காலுக்கு உறுத்தவில்லை.

அது முதல் விலங்கையே கேட்கும் முறைகள் பெருகின. இறைச்சிக் கோழிகளுக்கு 2000இல் இரண்டு நிறத் தீவனங்கள் வைக்கப்பட்டன. ஒன்றில் வலிநிவாரணி கலந்திருந்தது. நொண்டும் கோழிகள் மருந்துள்ளதை அதிகம் கொத்தின. நொண்டல் கூடக் கூட அந்த அளவும் கூடியது. வலியை இதைவிடத் தெளிவாக ஒரு கோழி எப்படிச் சொல்ல முடியும்? சுண்டெலிக்கு முகமே போதும். கண்கள் சுருங்குவது, மூக்கும் கன்னமும் புடைப்பது, காதும் மீசையும் நிலை மாறுவது ஆகியவற்றுக்கு 0 முதல் 2 வரை மதிப்பெண் தரும் அளவுகோல் 2010இல் வெளியானது. ரத்தத்தில் கார்டிசால் ஹார்மோனைப் பார்ப்பதும் உண்டு. ஆனால் அது பயத்தில் மட்டுமல்ல, இனச்சேர்க்கையின்போதும் உயரும். தனியாக அதை நம்ப முடியாது.

பால்மாட்டுப் பண்ணையில் ஆய்வகம் இல்லாமலே பல விஷயங்கள் தெரியும். மாட்டைச் சமதரையில் நடக்கவிட்டுப் பக்கவாட்டில் நின்று முதுகைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது மட்டும் வளைந்தால் நொண்டலின் தொடக்கம். நிற்கும்போதும் வளைந்திருந்தால் குளம்பு நோய் முற்றி வருகிறது என்று கொள்ளலாம். பின்னங்கால் மூட்டில் முடி உதிர்ந்து வீங்கியிருந்தால், படுக்கும் தரை கடினமாக இருக்கிறது. வால் அடியிலும் இடுப்பெலும்பிலும் கைவைத்தால் உடலின் கொழுப்பு இருப்பு தெரிந்துவிடும்.

இவற்றையெல்லாம் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டுவதில்தான் சிக்கல். 2004 முதல் 2009 வரை நடந்த ஐரோப்பியத் திட்டம் ஒன்று தீவனம், இருப்பிடம், உடல்நலம், நடத்தை என்ற 4 தலைப்புகளின் கீழ் 12 அளவுகோல்களை வகுத்தது. ஒன்றில் கிடைத்த நல்ல மதிப்பெண் இன்னொன்றின் குறையை முழுதாக ஈடுகட்டாதபடி அதன் கணக்கு அமைக்கப்பட்டது. தொட்டி நிறையத் தீவனம் இருந்தாலும் நொண்டும் மாடு நொண்டும் மாடாகவே பதிவாகும்.