உறிஞ்சுவது இருக்கட்டும்... ஊதுவது என்ன?

மெத்தையின் மேல் நாலு இழுப்பு. குழாய் முனையைக் கழற்றி, உள்ளே செருகியிருந்த வெள்ளைத் துணியை எடுத்து நீட்டுவார். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். "இதுமேலதான் மேடம் குழந்தையைப் படுக்க வைக்கிறீங்க!"

வீட்டுக்கே வந்து டெமோ காட்டுகிறவரின் இந்த ஒரு வரியில் கவிழ்ந்து, அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தவர்கள் ஏராளம். எந்த வீட்டு மெத்தையில் எந்த மெஷினை வைத்து இழுத்தாலும் அந்த வட்டம் விழத்தான் செய்யும். உதிர்ந்த தோல் செதில், பஞ்சு, தெருப்புழுதி எல்லாம் கலந்த கலவை அது. மெத்தையில் தூசி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. மெஷினின் யோக்கியதைக்கு வேறு சாட்சி வேண்டும்.

ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடிப்பதில் ஆரம்பித்து தீபாவளி வரை வேக்குவம் கிளீனர் தள்ளுபடிகள் வரிசைகட்டி நிற்கும். விற்கிறவர், வாங்குகிறவர் இருவர் கண்ணும் குழாய் முனையில்தான் இருக்கும். மெஷினின் பின்பக்கத்தில் சல்லடை மாதிரி ஒரு பகுதி இருக்கிறதே, அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உறிஞ்சிய காற்று முழுக்க அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் திரும்பி வருகிறது. பெரிய டிரம் மாடல்களில் நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டருக்கும் மேல். அந்தக் காற்றில் என்ன இருக்கிறது?

வாட்ஸ் மயக்கம்

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் '1,600 வாட்ஸ்' என்று போட்டிருப்பார்கள். அது மோட்டார் எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்ற கணக்கு. எவ்வளவு தூசி இழுக்கும் என்ற கணக்கு அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் 1,600 வாட்ஸ் என்றும், 2017-ல் 900 வாட்ஸ் என்றும் வீட்டு வேக்குவம் கிளீனர்களுக்கு உச்சவரம்பு விதித்தது. அதனால் அங்கே வீடுகள் குப்பைமேடாகிவிடவில்லை. பார்க்க வேண்டியது, இழுவையின் பலத்தைச் சொல்லும் கிலோபாஸ்கல் எண்ணை. கூடவே பிளக்கையும் பாருங்கள். 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் 1,380 வாட்ஸ் வரைதான் தாங்கும். ஹாலில் ஏ.சி-க்கும் ஃப்ரிட்ஜுக்கும் தவிர 16 ஆம்பியர் பாயின்ட் இல்லாத வீட்டில், 1,600 வாட்ஸ் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான்.

நம் வீடுகளில் சுவருக்குச் சுவர் கார்ப்பெட் கிடையாது. டைல்ஸுக்கும் மொசைக்குக்கும் மிதமான இழுவையும் மென்மையான பிரஷ்ஷும் போதும். காரும் மொட்டைமாடியும் உள்ள தனி வீடு என்றால் தண்ணீரையும் இழுக்கும் டிரம் மாடல். இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் என்றால் ஒயர் இல்லாத ஸ்டிக். முழு வேகத்தில் ஓட்டினால் பத்து, பதினைந்து நிமிடத்தில் பெரும்பாலும் பேட்டரி இறங்கிவிடும் என்பது ஞாபகம் இருக்கட்டும். ரோபோ வாங்குகிறவர்கள் முதலில் நிலைப்படியை அளந்துவிடுங்கள். சாதாரண ரோபோவால் இரண்டு சென்டிமீட்டர் உயரம்தான் ஏற முடியும்.

மைக்ரான் கணக்கு

மண், முடி, முறுக்குத் தூள்... கண்ணுக்குத் தெரிகிற எதையும் எந்த மெஷினும் பிடித்துவிடும். வில்லங்கம் செய்வது தெரியாத தூசி. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள் மூக்கைத் தாண்டி மூச்சுக்குழாயில் இறங்கும். 2.5 மைக்ரானுக்குக் கீழே என்றால் நுரையீரலின் அடி ஆழம் வரை போகும். மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசி உண்ணிகளின் கழிவு, உலர்ந்து நொறுங்கி இந்தக் கூட்டத்தில் சேர்கிறது. ஈரப்பதம் 50 சதவிகிதத்தைத் தாண்டினால் அவற்றுக்குக் கொண்டாட்டம். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் இதற்குக் குறைவே இல்லை. ஆஸ்துமா, இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கழிவு முக்கியமான எதிரி.

சரியான ஃபில்டர் இல்லாத மெஷின் என்ன செய்கிறது தெரியுமா? மெத்தைக்குள் சும்மா கிடந்த நுண்தூசியை இழுத்து, பின்பக்கமாக அறை முழுக்க ஊதிவிடுகிறது. பெருக்கும்போதாவது தூசி கிளம்புவது கண்ணுக்குத் தெரியும், நகர்ந்துகொள்ளலாம். இங்கே சுத்தம் செய்த திருப்தியில் அதே அறையில் பிள்ளையைத் தூங்க வைக்கிறோம்.

இந்தக் கருவியின் இன்றைய வீட்டு வடிவம் பிறந்த கதையே மூச்சுத்திணறல்தான். அமெரிக்காவின் கான்டன் நகரில் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்த ஆஸ்துமா நோயாளி ஒருவர், பெருக்கும் தூசி தாளாமல், 1907-ல் விசிறி மோட்டாரையும் துடைப்பக் கழியையும் தலையணை உறையையும் சேர்த்துக் கட்டி ஒரு மெஷின் செய்தார். மறு வருடம் காப்புரிமையும் வாங்கினார். தலையணை உறைக்கு அடுத்து எத்தனையோ ஃபில்டர்கள் வந்துவிட்டன. இப்போதைய பதில், ஹெப்பா. 0.3 மைக்ரான் துகளிலேயே 99.97 சதவிகிதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். ஐரோப்பிய முறையில் 'ஹெச்13' என்று எண் போட்டிருப்பார்கள். 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா மாதிரி' என்று எழுதியிருந்தால் இந்த அளவுகோலுக்கு உத்தரவாதம் இல்லை என்று அர்த்தம்.

ஹெப்பா மட்டும் இருந்தாலும் பத்தாது; மூடி இடுக்கில் காற்று கசிந்தால் ஃபில்டர் இருந்தும் வீண். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, தரைத்தூசி கிளம்பாமல் இருக்க மெஷினை ஸ்டூல் மேல் வையுங்கள். செல்போன் டார்ச்சைப் பின்பக்கச் சல்லடைக்குக் குறுக்காக அடித்துக்கொண்டு ஆன் செய்யுங்கள். வெளிச்சத்தில் துகள்கள் கொப்பளித்துக்கொண்டு வந்தால், கண்ணுக்குத் தெரிவதே இவ்வளவு என்றால் தெரியாதது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுவது நல்லது.

விபூதி வைக்கும் பரீட்சை

வெளிநாட்டு விமர்சனங்களில் வராத சங்கதி ஒன்று நம் வீடுகளில் உண்டு. பூஜையறையில் சிந்திய விபூதி, குங்குமம், வாசலில் மிஞ்சிய கோலமாவு, குழந்தையின் பவுடர். இவ்வளவு மெல்லிய பொடி ஃபில்டரின் மடிப்புகளில் அப்பிக்கொள்ளும், இழுவை பாதியாகும். இவற்றுக்கு ஈரத்துணியே மேல். கனிந்துகொண்டிருக்கும் ஊதுபத்திச் சாம்பலை இழுத்தால் பையே பற்றிக்கொள்ளும்.

அடுத்தது, டப்பாவைக் கொட்டும் நேரம். பை இல்லாத மாடல்களில் மூடியைத் திறந்து குப்பைத்தொட்டியில் கவிழ்க்கும்போது எழுகிற புகைமண்டலம், அதுவரை பிடித்த நுண்தூசியில் ஒரு பங்கைத் திரும்பக் கொடுத்துவிடுகிறது. அந்த வேலை பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வரும் அக்கா தலையில்தான் விழுகிறது. அவருக்கு ஒரு மாஸ்க் கொடுப்பது நம் கடமை. இளைப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டுக்கு, பையோடு கட்டி எறியும் மாடலே சிறந்தது.

கழுவக்கூடிய ஃபில்டர் என்றால் 24 மணி நேரமாவது காய வேண்டும். ஐப்பசி அடைமழையில் அது நடக்காது. ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடித்து, மெஷின் ஓடும்போதெல்லாம் அழுக்குத்துணி நாற்றம் அடிக்கும்.

'பூந்துடைப்பமும் ஈர மாப்பும் போதும், எதற்கு வீண் செலவு?' என்பாரும் உண்டு. தரைக்குப் போதும்தான். மெத்தையையும் சோபாவையும் மாப் போட முடியாதே!

ஆகவே கடைக்குப் போனால் இழுவையைப் பற்றிக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். முதல் கேள்வி, ஃபில்டர் எந்த வகுப்பு. இரண்டாவது, தனியாக வாங்கினால் என்ன விலை. மூன்றாவது, இப்போதே ஒன்று கைவசம் இருக்கிறதா. இருந்தால் மெஷினோடு சேர்த்து ஸ்பேராக ஒரு ஃபில்டருக்கும் பில் போடச் சொல்லுங்கள். "ஆர்டர் போட்டா வரும் சார்" என்று இழுத்தால், பாதி விலைக்கே கொடுத்தாலும் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.