ஓரடி ஏறப் பன்னிரண்டு அடி

திருவாரூர் மாவட்டத்திலுள்ள கூத்தாநல்லூரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்பார்கள். கடல் கடந்து வாணிகம் செய்த குடும்பங்கள் பல வாழும் ஊர் அது. அங்குள்ள பெரிய வீடுகளானாலும் சரி, சுற்றியுள்ள கிராமங்களின் ஓட்டு வீடுகளானாலும் சரி, ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? வீட்டின் தரை பெரும்பாலும் தெருமட்டத்தில் இருப்பதில்லை. இரண்டு படியோ மூன்று படியோ ஏறித்தான் திண்ணையை அடைய வேண்டும்.

காரணம் கடினமானதன்று. காவிரியின் கிளையாறுகளும் வாய்க்கால்களும் பின்னிக் கிடக்கும் சமவெளி இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வடிவதற்குச் சரிவு போதாமல் தேங்கி நிற்கும். அந்த நீர் வீட்டுக்குள் புகாதிருக்கவே, கொத்தனார்கள் 'பேஸ்மட்டம்' என்று சொல்லும் அடித்தளத்தை உயர்த்திக் கட்டுகிறார்கள். (பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய சாலை போடும் ஊர்களில், வீடுகள் தெருவோடு போட்டி போட்டுக்கொண்டு உயர வேண்டியிருக்கிறது. அது வேறு கதை.)

வெள்ளத்தைத் தடுக்கும் அதே படிகள் ஒரு மனிதரையும் தடுக்கின்றன. சக்கர நாற்காலியில் வருபவருக்கு 15 செ.மீ. படி ஒன்றே சுவருக்குச் சமம். பள்ளி, ரேஷன் கடை, வங்கி, உறவினர் வீட்டுத் திருமணம் எதுவாயினும் அவர் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். அல்லது நான்கு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும். தூக்கிச் செல்லப்படுவதை எத்தனை பேர் விரும்புவார்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் தமிழ்நாட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். எல்லோருக்கும் சக்கர நாற்காலி தேவையில்லை என்பது உண்மை. ஆனால் ஊன்றுகோலுடன் நடப்பவருக்கும் மூட்டுவலியுள்ள பாட்டிக்கும் கூடப் படி ஒரு தொல்லைதான்.

இதற்கு மாற்று என்ன? நெல் மூட்டைகளை லாரியில் ஏற்றுபவர்கள் பலகையைச் சாய்த்துப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே சாய்தளம். தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கல்லைச் சாரப்பள்ளத்திலிருந்து பல கல் தொலைவுக்குச் சாரம் கட்டி ஏற்றினார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. அதற்குச் சான்று இல்லை. ஆனாலும், அதிக உயரம் ஏற அதிக நீளம் வேண்டும் என்ற உண்மை கதை சொன்னவர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

எவ்வளவு நீளம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்காலியும் அதில் அமர்ந்திருப்பவரும் சேர்ந்து 72 கி.கி. என்று கொள்வோம். வாசலின் உயரம் 60 செ.மீ., அதாவது சுமார் இரண்டடி. நேராகத் தூக்கினால் 72 கி.கி. எடையையும் தாங்க வேண்டும். 2.4 மீட்டர் நீளத்துக்குச் சாய்தளம் கட்டினால் சரிவு 4-க்கு 1. அப்போது மேலே தள்ளத் தேவையான விசை ஏறத்தாழ பதினேழரை கி.கி. எடை. 7.2 மீட்டர் நீளத்துக்குக் கட்டினால் சரிவு 12-க்கு 1. விசை 6 கி.கி. எடை மட்டுமே. (உராய்வை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.) செய்யும் வேலையின் மொத்த அளவோ எல்லா வழியிலும் ஒன்றுதான். சாய்தளம் வேலையைக் குறைப்பதில்லை. நீண்ட தூரத்துக்குப் பகிர்ந்து கொடுக்கிறது.

பதினேழரை கி.கி. என்ன பெரிய விசை என்று நினைக்கிறீர்களா? நாற்காலியில் இருப்பவர் சக்கரத்தின் டயரைப் பிடித்துத் தள்ளுவதில்லை. டயரை விடச் சிறிய கைவளையம் ஒன்று பக்கவாட்டில் இருக்கும், அதைத்தான் தள்ளுகிறார். ஆரம் குறைந்த இடத்தில் தள்ளுவதால் அவர் கை தரவேண்டிய விசை இன்னும் கூடுகிறது. தவிர, ஒவ்வொரு தள்ளலுக்கும் பிறகு கையை எடுத்து மீண்டும் பிடிக்க வேண்டும். செங்குத்தான சரிவில் அந்த இடைவெளியிலேயே நாற்காலி பின்னால் உருளத் தொடங்கிவிடும். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. சரிவு கூடக்கூட ஈர்ப்பு மையம் பின்சக்கர அச்சை நோக்கி நகர்கிறது. அச்சைத் தாண்டிவிட்டால் நாற்காலி மல்லாந்து கவிழும். இறங்கும்போதோ உள்ளங்கைகள்தாம் பிரேக்!

12-க்கு 1 என்ற அளவு ஜோசியத்தில் வந்ததன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் திமோத்தி நியூஜெண்ட் என்பவர் சக்கர நாற்காலி மாணவர்களுக்கான திட்டத்தை 1948-ல் தொடங்கினார். அவர் முன்னின்று நடத்திய ஆய்வுகளின் பயனாக 1961-ல் வெளியான கட்டட நெறிமுறையில் இந்த அளவு இடம்பெற்றது. இன்று இந்திய வழிகாட்டுதல்களும் இதையே சொல்கின்றன. அகலம் 1.2 மீட்டராவது வேண்டும். இரு பக்கமும் கைப்பிடி, சொரசொரப்பான தரை, கதவுக்கு முன்னால் நாற்காலி திரும்பச் சமமான இடம் ஆகியவையும் தேவை.

இப்போது டெல்டாவின் சிக்கல் புரிகிறதா? தெருவோ குறுகல். இரண்டடி உயரத்துக்கு இருபத்துநான்கு அடி நீளம் வேண்டுமென்றால் சாய்தளம் எதிர்வீட்டுக்குள் போய்விடும்! ஆகவே பல இடங்களில் இருக்கிற இடத்துக்குள் ஒரு சிமெண்டுச் சரிவைக் கட்டி, 'சாய்தளம் உண்டு' என்று கோப்பில் எழுதிவிடுகிறார்கள். சைக்கிள் ஏற்ற அது உதவலாம். சக்கர நாற்காலிக்கு உதவாது. ஆனால் வழி இல்லாமலில்லை. சுவரை ஒட்டிச் சாய்தளத்தைத் திருப்பலாம். பாதியில் ஒரு சமதளம் அமைத்து மடக்கலாம். கொல்லைப்பக்கம் நீளமான மனையிருந்தால் அங்கிருந்து கட்டலாம். புதிய கட்டடமானால் வரைபடத்திலேயே இடம் ஒதுக்குவதுதான் எல்லாவற்றிலும் மலிவு.

சரிவு மட்டுமன்று, தரையும் முக்கியம். மணலில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் மணலில் புதைந்துவிடும். சென்னை மெரினாவில் கடலலையை அருகில் சென்று பார்ப்பது இதனால் பலருக்குக் கனவாகவே இருந்தது. 2022 நவம்பர் 27-ல் அங்கே 263 மீட்டர் நீளமுள்ள நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. பிறகு பழுது பார்க்கப்பட்டது. கடற்கரைக்கு அருகிலுள்ள நம் மாவட்டங்களும் இத்தகைய பாதை அமைக்கும்போது புயலையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களும் தடையற்றவையாக வேண்டும் என்றது. விதிகள் வெளியானது 2017 ஜூன். ஆகவே கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. பார்வைக் குறையுள்ள ராஜீவ் ரத்தூரி என்பவர் 2005-ல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-ல் தீர்ப்பளித்தது. அணுகல் வசதி பற்றிய விதி வெறும் பரிந்துரையாக இருப்பது செல்லாது, விட்டுக்கொடுக்க முடியாத கட்டாய அளவுகள் வேண்டும் என்று அது கூறியது. அதாவது, 12-க்கு 1 என்று எழுதிவைத்தால் போதாது. கட்டியதை அளந்து பார்க்கவும் வேண்டும்.

அளப்பதை நீங்களே செய்யலாம். 120 செ.மீ. நீளமுள்ள நேரான பலகை ஒன்றும், கொத்தனாரிடமிருந்து ரசமட்டமும் வாங்கிக்கொள்ளுங்கள். பலகையைச் சாய்தளத்தின் மேல் அதன் போக்கிலேயே வையுங்கள். மேல்முனை தரையில் படிந்திருக்க, கீழ்முனையை மட்டும் மெல்லத் தூக்குங்கள். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்ததும் நிறுத்துங்கள். கீழ்முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளக்க உடன் ஒரு நண்பர் வேண்டும். 10 செ.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் உங்கள் பள்ளிச் சாய்தளம் சரியானது. 20 செ.மீ. என்றால் சரிவு 6-க்கு 1. 30 செ.மீ. என்றால் நாம் கணக்குப் போட்ட பதினேழரை கி.கி. சரிவு அது. அளவைத் தேதியுடன் குறித்துத் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். ஒரு படியை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் அனுப்பலாம்.