ஒரு வாரம் லீவு... தரங்கம்பாடிக்கு!

"ஒரு வாரம் லீவா? லண்டனா போறே?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார்... தரங்கம்பாடி."

ஆபீஸே சிரித்தது. அரை நாளில் பார்த்துவிடக்கூடிய ஊராம்!

சிரிக்கட்டும். எங்களுக்குக் கச்சிராயபாளையம். கல்வராயன் மலையும் கோமுகி அணையும்தான் உலகம். கரும்புத் தோட்டமே கதியென்று இருந்த அப்பாவுக்கு அறுபது முடிகிறது. இன்னும் கடலைப் பார்த்ததில்லை. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், பக்கத்திலேயே தரங்கம்பாடி. நோட்டை எடுத்துப் பிளான் போட்டேன்.

முதல் நாள்: கள்ளக்குறிச்சி, விருத்தாசலம், சிதம்பரம், சீர்காழி என்று பஸ்ஸிலேயே போய்விடும். இரண்டாம் நாள்: கல்யாணம். மூன்றாம் நாள்: டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்ட ஆரம்பித்த டேன்ஸ்பர்க் கோட்டை. (1845-இல் ஊரையே இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள்!) நாலாம் நாள்: சீகன்பால்கு. 1706-இல் வந்திறங்கித் தமிழ் கற்று, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட ஜெர்மன்காரர். தான் கட்டிய தேவாலயத்திலேயே உறங்குகிறார். ஐந்தாம் நாள்: பூம்புகார். ஏழாம் நாள்: ஊர் திரும்பல்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஆறாம் நாளுக்கு ஒண்ணும் எழுதலையேப்பா?"

"அன்னிக்கு எங்கேயும் போகலைப்பா. நீங்களும் அம்மாவும் சும்மா கடலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். அவ்வளவுதான்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியிலிருந்த பட்டு வேட்டியை எடுத்துக்கொண்டு இஸ்திரிக் கடைக்குக் கிளம்பினார்.

பயணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, சார்!